கரி விழுந்த சேலை

தன் தப்பைக் கண்டுபிடித்துச் சொல்கிறவருக்குக் கடலை மிட்டாய் கொடுக்கும் அதிகாரியை என் சர்வீஸில் ஒருவரைத்தான் பார்த்தேன். மற்ற அதிகாரிகளிடம் தப்பைச் சொன்னால் மெமோ கிடைக்கும். இவர் கைப்பையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா வைத்திருப்பார். 'மேடம், நீங்க சொன்னது சரியில்லை' என்று யாராவது வாயைத் திறந்துவிட்டால் போதும், அந்த முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். மேஜையில் ஒரு தட்டு தட்டி, "பலே! எடுத்துக்குங்க" என்று டப்பாவை நீட்டுவார். எனக்கு அப்போதே சர்க்கரை தலைகாட்டியிருந்தது. ஆனாலும் அந்த டப்பாவை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

கள்ளக்குறிச்சி அப்போது மாவட்டம் ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு உரக்கடை, அதன் மாடியில் எங்கள் அலுவலகம். அரசாங்கம் ஊர்களுக்குச் செய்கிற திட்டங்கள் நிஜமாகவே பலன் கொடுத்தனவா என்று பார்த்து எழுதி அனுப்புவது எங்கள் வேலை. நான் புள்ளியியல் உதவியாளர். எழுதி எழுதி அலுத்துப் போயிருந்தேன். கிணறு வெட்டினார்களா, வெட்டினார்கள். மாடு கொடுத்தார்களா, கொடுத்தார்கள். 'திட்டம் திருப்திகரமாக நடைபெறுகிறது' என்ற வரி என் பேனாவுக்கு மனப்பாடம். சாயங்கால பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போவதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது.

அந்த நிம்மதியில் மண்ணைப் போட வந்து சேர்ந்தவர்தான் மேடம். என்னைவிட வயதில் இளையவர், பதவியில் மூத்தவர். கஞ்சி போட்ட வெள்ளைக் காட்டன் சேலை, அதில் மெல்லிய கரை. முதல் நாள் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார். பேசி முடித்ததும், "நான் சொன்னதுல என்ன தப்பு?" என்று கேட்டார்.

யார் வாயைத் திறப்பார்கள்? புது அதிகாரி ஆழம் பார்க்கிறார் என்று எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நாக்கில் சனி எப்போதும் உண்டு.

"கல்வராயன் மலைக்குச் சின்னசேலம் வழியா போவலாம்னு சொன்னீங்க மேடம். அது சுத்துங்க. கச்சிராயபாளையம் வழியா போனா நேரா வெள்ளிமல. சின்னசேலம் போனா பொழுதுக்கும் பஸ்ஸுலயேதான் குந்திக்கினு இருக்கணும்" என்றேன்.

பக்கத்து மேஜைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது. மேடமோ மேஜையைத் தட்டினார். டப்பா வெளியே வந்தது. நான் வாங்கிய முதல் மிட்டாய் அதுதான்.

அவருக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது 'நல்லா இருக்கு'. யாராவது அப்படிச் சொன்னால் புருவத்தைத் தூக்கி, "ஆனா?" என்பார். அந்த ஒற்றை வார்த்தைக்கு முன்னால் கான்ட்ராக்டர்கள் வியர்த்துப் போவதை நான் பார்த்திருக்கிறேன். "தண்ணி டேங்க் நல்லா கட்டியிருக்கு மேடம்." "ஆனா?" "ஆனா... இன்னும் தண்ணி ஏறல மேடம்." அலுவலகத்தில் நாங்கள் அவருக்கு வைத்த பெயரே 'ஆனா மேடம்'. அது அவர் காதுக்கும் போயிற்று. கோபப்படவில்லை. பெயர் நல்லா இருக்கு என்றார். நான் உடனே, "ஆனா?" என்றேன். அன்றைக்கு எனக்கு இரண்டு மிட்டாய்.

இந்தக் குணம் ஆபீஸோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருமுறை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். என் மனைவி மரியாதைக்கு, "பாயசம் எப்படிங்க மேடம்?" என்று கேட்டுத் தொலைத்தாள். ஏலக்காய் அதிகம், பால் சுண்டவில்லை, முந்திரியைக் கொஞ்சம் முன்னாலேயே எடுத்திருக்கலாம் என்று மேடம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் மேஜைக்கு அடியில் காலை மிதித்துப் பார்த்தேன். அது என் மனைவியின் கால். மேடம் போன பிறகு வீட்டில் எனக்கு விழுந்த பாட்டு தனிக்கதை. அடுத்த பொங்கலுக்கு வைத்த பாயசத்தில் ஏலக்காய் அளவாக இருந்தது. நான் கவனிக்காத மாதிரி குடித்து முடித்தேன்.

ஆபீஸுக்குப் பக்கத்து மெஸ்காரரிடமும் இதே கதை. தினமும் சாம்பாரில் குறை கேட்டுக் கேட்டு அவர் கடுப்பாகியிருந்தார். ஒருநாள் மேடமே அவரிடம், "சரி, என்கிட்ட என்ன குறை? சொல்லுங்க" என்றார். அதற்காகவே காத்திருந்தவர் போல அவர் பிடித்துக்கொண்டார்.

"எல சாப்பாடு சாப்டுட்டு எழுந்திரிக்காம ஃபைல பாத்துக்கினே குந்தி இருக்கீங்க. பின்னாடி ஜனம் நின்னுக்கினு கீது. இன்னாத்துக்குங்க அது? ஆபீஸு மாடியிலதான கீது?"

மேடம் சிரித்த சிரிப்பில் கடையில் எல்லோரும் திரும்பினார்கள். மிட்டாயைக் கொடுத்துவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு அந்த மெஸ்ஸில் அவர் ஃபைலைத் திறந்து நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவர் தானே ஒரு தப்பான அறிக்கை எழுதினார் என்றால் நம்புவீர்களா? எழுதினார். அதற்கு ஊரெல்லாம் பாராட்டும் வாங்கினார்.

கல்வராயன் மலை வீடுகளுக்குப் புகையில்லா அடுப்பு கொடுத்திருந்தார்கள். அடுப்பிலிருந்து ஒரு குழாய் கூரைக்கு மேலே போகும். புகை வெளியே போய்விடும், பெண்களின் கண் பிழைக்கும். நல்ல எண்ணம்தான். மேடமும் நானும் ஜீப்பில் போய் வீடு வீடாகப் பார்த்தோம். அடுப்புகள் ஆறிக் கிடந்தன. பல வீடுகளில் குழாய் நடுவில் உடைந்து ஓட்டையாக இருந்தது. ஏன் உடைந்தது என்று கேட்டால், "பசங்க ஒடச்சிட்டாங்க மேடம்" என்று எல்லா வீட்டிலும் ஒரே பதில். மேடம் விடவில்லை. 'ஆனா?' என்றார். அவர்கள் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்தார்கள், தேன் கொண்டுவந்து கொடுத்தார்கள், பலாச்சுளை கொடுத்தார்கள். பதில் மட்டும் வரவில்லை. மக்களுக்கு அடுப்பின் அருமை தெரியவில்லை, சொல்லிக்கொடுக்க முகாம் நடத்த வேண்டும் என்று மேடம் எழுதினார். சென்னையில் அதைப் பிரமாதம் என்றார்கள். முகாமும் நடந்தது. ஒரு குழாய்கூட ஒட்டப்படவில்லை.

அது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் மலையிலிருந்து இறங்கும்போது ஜீப்பில் சொன்னார்.

"ஒரு நாட்டுக்கு ரோடு போடத் தெரிஞ்சா போதாது சார். போட்ட ரோட்டால யாருக்கு என்ன ஆச்சுன்னு பார்க்கவும் தெரியணும். அதைப் பார்க்க வெளிநாட்டுல இருந்து ஆள் வர்றாங்க, இல்லேன்னா நாம போறோம். ரெண்டு பேரும் விருந்தாளிங்கதான். அந்தந்த ஊர்ல பார்க்கத் தெரிஞ்சவங்க வேணும்."

பேச்சோடு நிற்கிற ஆளா அவர்? மலையில் படித்த ஆண்கள், பெண்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து ஒரு குழு அமைத்தார். வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் விடுமுறை நாட்களில் வகுப்பு. எப்படிக் கேட்பது, யாரை விட்டுவிடக் கூடாது, கிடைத்த பதிலை எப்படிச் சரிபார்ப்பது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் பயிற்சி, அவர்கள் வந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்வது. எல்லோரும் ஒரே குரலில், "நல்லா கீதுங்க" என்றார்கள்.

"நானும் அதே பஸ்ஸுலதான் வந்தேன். கூரை ஒழுகி நனைஞ்சு போய் உட்கார்ந்திருக்கேன். நல்லா இருக்காம்!" என்றார் மேடம், சேலையைப் பிழிந்தபடி.

அப்போதுதான் சின்னப்பொண்ணு எழுந்தாள். பக்கத்துச் சிற்றூரில் கட்டிக்கொடுத்த பெண், இரண்டு குழந்தைகளுக்குத் தாய். பேச ஆரம்பித்தால் பயம் கிடையாது.

"ஒழுவறது எங்களுக்குப் பெருசில்ல மேடம். சந்த முடியறதுக்கு முன்னாடியே பஸ்ஸ எடுத்துடறாங்க. சாமான விக்காமயே திருப்பித் தூக்கிக்கினு வரணும். அதான் கொற."

"நான் கூரையப் பார்த்தேன், இவங்க நேரத்தைப் பார்த்தாங்க" என்று மேடம் என்னிடம் திரும்பிச் சொன்னார். டப்பா நீண்டது.

ஆனால் சென்னையிலிருந்த மேலதிகாரிக்கு இந்தக் குழு பிடிக்கவில்லை. மலைக்காரர்களே மலைத் திட்டத்தைப் பார்த்தால் இன்னும் கொடு, இன்னும் கொடு என்றுதான் எழுதுவார்கள் என்பது அவர் கட்சி. கடைசியில் ஒரு பரீட்சை வைத்தார். அதே அடுப்புத் திட்டத்தைக் குழு தனியாகப் பார்க்கட்டும். மேடத்தின் அறிக்கையோடு ஒத்து வந்தால் குழு நிரந்தரம். இல்லையென்றால் அன்றைக்கே கலைத்துவிடுவது, இனி எல்லா வேலையும் வெளியாட்களுக்கு. மேடம் ஒப்புக்கொண்டார். தன் அறிக்கையை அவர்களுக்குக் காட்டாமல் அனுப்பினார். முகாமில் அது பேசப்பட்டதால், அதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

மேலதிகாரி வெள்ளிமலைக்கு வருகிற நாள் வந்தது. மதியம் பள்ளிக்கூடத்தில் கூட்டம். காலையில் நானும் மேடமும் சின்னப்பொண்ணுவின் ஊருக்குப் போனோம். மேடம் குழந்தைகளோடு பேசிக்கொண்டிருந்தபோது சின்னப்பொண்ணு என்னை மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டாள்.

"சார், நாங்க பாத்தது வேற மாரி கீது. மேடம் எழுதினது தப்புன்னு ஆவுது. ஒத்துப்போவலன்னா எங்கள கலச்சிடுவாங்கன்னு சொல்றாங்களே. இன்னா சார் பண்றது?"

பேசாமல் மேடம் எழுதியதையே எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் கொட்டகை வாசலில் வெள்ளைச் சேலை தெரிந்தது.

"எது தப்புன்னு ஆகுது?" என்றார் மேடம்.

சின்னப்பொண்ணு என்னைப் பார்த்தாள். நான் மாட்டைப் பார்த்தேன். பிறகு அவளே, "வாங்க மேடம், காட்டறேன்" என்று வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே பரண். பரண் நிறையக் கேழ்வரகுக் கதிர், தினைக் கதிர், சோளக் கதிர், கட்டுக் கட்டாக. எல்லாம் புகை படிந்து கறுத்துப் போயிருந்தன. குழாயில் சரியாகப் பரண் உயரத்துக்கு ஒரு ஓட்டை. அதன் வழியாகப் புகை சீராகக் கதிர்களின் மேல் போய்க்கொண்டிருந்தது. கீழே எங்கள் கண் எரியவில்லை.

"வெத மேடம். பொக படலன்னா வண்டு வுழுந்துடும். ஒருத்தங்க ரெண்டு பேரு ஓட்ட போடாம வச்சிருந்தாங்க. அவுங்க வெத மாவா போச்சு. அதுக்கப்புறந்தான் எல்லாரும் கொழாய ஒடச்சாங்க. பசங்க ஒடைக்கல. நாங்கதான் ஒடச்சோம்."

"நான் வந்தப்ப இந்தப் பரண் காலியா இருந்ததே? அடுப்பும் எரியலையே?"

சின்னப்பொண்ணு தயங்கினாள். அப்புறம் சொல்லிவிட்டாள்.

"நீங்க வந்தன்னிக்கி எங்க வூடு எங்க வூடாவே இல்ல மேடம். வெள்ளப் பொடவயோட பெரிய ஆபீசரம்மா வர்றாங்கன்னு சொன்னாங்க. தலமேல கரி வுழுந்தா மரியாதயா? வெதய எல்லாம் எறக்கி ஒளிச்சு வச்சிட்டோம். பரணத் தொடச்சிட்டோம். அடுப்ப அவிச்சிட்டு பொறத்தால சமச்சோம். எந்த ஆபீசர் வந்தாலும் அப்படித்தான் பண்ணுவோம்."

மேடம் பரணைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், எரிகிற அடுப்பைப் பார்த்தார். பிறகு அந்தப் பரணுக்கு நேர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த வேகத்தில் மேலேயிருந்து கரி பொலபொலவென்று தலையிலும் தோளிலும் மடியிலும் கொட்டியது. சின்னப்பொண்ணு பதறிப்போய்த் துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"தொடாதே!" என்றார் மேடம். அப்புறம் ஆரம்பித்தது சிரிப்பு. ஊரே கூடிவிட்டது. "சார், பார்த்தீங்களா? அவங்க மரியாதையில நான் குருடாயிட்டேன். நான் ஆயுசுக்கும் வந்து வந்து போயிருந்தாலும் இது என் கண்ணுல படாது. இவங்க பார்த்துட்டாங்க சார்! பார்த்துட்டாங்க!" கண்ணில் தண்ணீர், கன்னத்தில் கரி. எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது, ஆனால் அவர் சந்தோஷம் என்னையும் தொற்றிக்கொண்டது. அவ்வளவு பெரிய தப்பு செய்தவரை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

மதியம் பள்ளிக்கூடம். மாற்றுச் சேலை ஜீப்பில் இருந்தது. நான் நினைவுபடுத்தியும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அதே கோலத்தில் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தார். மேலதிகாரி கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"என்ன மேடம் இது, சேலையில?"

"ஆதாரம் சார். போன தடவை விழாம போச்சு."

குழு தன் முடிவைப் படித்தது. அடுப்பை மக்கள் வெறுக்கவில்லை. விதைக்குப் புகை வேண்டும், கண்ணுக்குப் புகை கூடாது. குழாயில் பரண் உயரத்துக்கு ஒரு வாய் வைத்து, வேண்டாதபோது மூட ஒரு மூடி போட்டுக் கொடுத்தால் போதும். முகாம் தேவையில்லை. சின்னப்பொண்ணுதான் படித்தாள்.

மேலதிகாரி இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஒத்து வரலையே. பேசினது என்ன?"

"ஒத்து வரல சார். என்னோடது தப்பு" என்றார் மேடம்.

"அப்படின்னா உங்களை எப்படி நம்பறது?"

"என்னை நம்ப வேணாம்னுதான் சார் இவங்களத் தயார் பண்ணேன்."

அவர் சின்னப்பொண்ணு பக்கம் திரும்பினார். "இதெல்லாம் மேடம் சொல்லிக் கொடுத்து எழுதினதா?"

"மேடம் சொல்லிக் குடுத்திருந்தா மேடம் எழுதினததான சார் எழுதி இருப்போம்? அத எழுதி இருந்தா பாஸும் ஆயிருப்போம்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேலதிகாரி சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, சுலபத்தில் மசியாதவர். புகழ்ந்தால் மயங்குகிறார்களா என்று பார்க்கக் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "சரி. உங்க ஆய்வு நல்லாத்தான் இருக்கு."

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் சின்னப்பொண்ணுவைப் பார்த்தார். புருவம் மட்டும் லேசாக உயர்ந்தது.

"ஆனா கொற கீதுங்க" என்றாள் சின்னப்பொண்ணு. "மழ பெஞ்சதால ஆத்துக்கு அந்தாண்ட இருக்கிற ஊருங்களுக்கு நாங்க போவல. அவுங்க வேற மாரி சொல்லலாம். அப்புறம், ஆம்பளைங்ககிட்ட கம்மியாதான் கேட்டோம். மூடி போட்ட கொழாய இன்னும் யாரும் செஞ்சு பாக்கல, அதுவும் தப்பாப் போவலாம். ஒரு வெதப்பு முடிஞ்சதும் மறுபடி போயி பாக்கணும் சார்."

மேலதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எத்தனையோ அறிக்கை படித்தவர், தன் அறிக்கையின் ஓட்டையைத் தானே எழுந்து நின்று சொன்ன ஆளை அன்றைக்குத்தான் பார்த்தார் போலிருக்கிறது. பிறகு பேனாவைத் திறந்தார்.

"பரீட்சையத்தான் தப்பா வச்சிட்டேன்" என்றார். "ஒத்து வரணும்னு கேட்டிருக்கக் கூடாது. குழு இருக்கட்டும்."

பள்ளிக்கூடக் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கைத்தட்டல். மேடம் எழுந்து நேராக மேலதிகாரியிடம் போனார். டப்பாவைத் திறந்து நீட்டினார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் சொன்னேன், "எடுத்துக்குங்க சார், தப்பச் சொன்னவங்களுக்கு மேடம் குடுப்பாங்க." அவர் ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மீதி டப்பாவோடு சின்னப்பொண்ணுவின் கைக்குப் போனது. எனக்குக் கிடைக்கவில்லை. வருத்தம் இல்லை.

மேடம் பிறகு பதவி உயர்வில் வேறு ஊருக்குப் போனார். நான் ஓய்வு பெற்று, சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, காலையில் நடக்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்காக வெள்ளிமலைக்குப் போனவன், சின்னப்பொண்ணுவைப் பார்க்கப் போனேன். குழுவுக்கு இப்போது அவள்தான் தலைவி. புதிதாக வருகிறவர்களுக்கு அவள்தான் வகுப்பு எடுக்கிறாள். நான் போன சமயம் ஏதோ ஒரு திட்டத்தைப் பார்க்க வெளியூர் அதிகாரிகள் இருவர் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். வெள்ளைச் சட்டை, பளபளவென்று ஷூ.

நான் பரணைத்தான் பார்த்தேன். கதிர்கள் அப்படியே தொங்கின. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. குழாயின் மூடி திறந்திருந்தது. யாரும் ஒன்றையும் இறக்கவில்லை, ஒளிக்கவில்லை, துடைக்கவில்லை.

"உள்ள வாங்க சார்" என்றாள் சின்னப்பொண்ணு, கலகலவென்று. "கரி வுழும். வுழட்டும், வந்து குந்துங்க."